விகாரியச்சனின் கறுப்பு அங்கி

பாம்பாடி,
ஞாயிறு மாலை

அன்பும் மரியாதையும் நிறைந்த சூசம்மா சேச்சிக்கு,

உங்கள் தம்பி மனைவி ஷைனி வணங்கி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம், உங்கள் தம்பியின் கழுத்தைத் தவிர. அங்கே உங்கள் வீட்டுக்காரர் பேபி அச்சாயனும் உங்கள் மகள், கல்யாணப் பெண் ரின்சியும் நலமாக இருப்பார்கள். உங்கள் கோபமும் நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரின்சியின் நிச்சயத்தை நான் படமெடுத்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணத்தை டவுன் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்களாம். கொடுப்பதற்கு முன் நடந்ததை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இத்தனை வருஷமாக உங்கள் தம்பி ரெஜிச்சாயன் படமெடுக்க, நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவள். அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான் ட்ரோன் என் கைக்கு வந்தது. நானாகச் செய்யும் முதல் வேலை அது. அன்றைக்கு நான் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியும் அதற்காக வாங்கியதுதான். போட்டுக்கொண்டால் ட்ரோன் மேலிருந்து பார்ப்பதெல்லாம் கண்ணெதிரே அந்தரத்தில் திரைபோல நிற்கும். எதிரில் இருப்பவர்களும் அதற்குப் பின்னால் மங்கலாகத் தெரிவார்கள். ஒரே தொல்லை, எதிரில் வெளிச்சமாக எது இருந்தாலும் படம் கரைந்துவிடும். அன்றைக்கோ சுட்டெரிக்கிற வெயில். தேவாலயச் சுவர் வெள்ளை, ஆண்களின் வேட்டி வெள்ளை, பிள்ளை வீட்டு அம்மாச்சிகளின் சட்டையும் முண்டும் வெள்ளை. ட்ரோன் மணிக்கூண்டுக்கு மேலே போய்விட்டது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தவித்துப்போய்த் திரும்பினால் ஒரு கறுப்பு. படம் பளிச்சென்று வந்துவிட்டது. அது நம் தேவாலயத்துப் பாதிரியார் விகாரியச்சனின் அங்கி.

அதற்குப் பிறகு நான் அந்த அங்கியை விடவில்லை, சேச்சி. அச்சன் இடப்பக்கம் போனால் நானும் இடப்பக்கம், அவர் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன்.

"என்ன ஷைனி, மனசுல ஏதாவது பாரமா? சனிக்கிழமை வாயேன், பேசிக்கலாம்."

"அசையாதீங்க அச்சா! அப்படியே நில்லுங்க!"

மனுஷன் வெளிறிப்போனார். தோளில் குளவி ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அச்சன் நின்றதும் ஏதோ ஜெபம் என்று பிள்ளை வீட்டார் நின்றார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். பரிமாற வந்தவர் கட்லெட் தட்டோடு தலைகுனிந்தார். "இதென்னடி, வீடியோவா போட்டோவா?" என்று படத்தைப் பார்த்து நீங்கள் கேட்ட இடம் அதுதான்.

அந்தத் திரையில், அவ்வளவு பேருக்கும் நடுவே, ஒருத்தி மட்டும் அச்சனின் மார்பை முறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. யார் இந்தப் பைத்தியம் என்று பரிதாபப்பட்டேன். வகிட்டில் நரையைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது. விளக்குப் பிடித்த காலத்தில் எந்தப் படத்திலும் நான் இருந்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பருந்து ட்ரோன் மேல் பாய்ந்தது. நான் அவசரமாக இறக்க, அச்சன் தும்மிக் குனிய, படம் போய்விட, ட்ரோன் சமையல் பந்தலின் தார்ப்பாய் மேல் போய் உட்கார்ந்தது. யாரும் தொடாதீர்கள் என்று நான் கத்துவதற்குள் உங்கள் தம்பி கழுத்துப் பட்டையோடு ஏணியில் ஏறித் தார்ப்பாயை இழுத்தார். முந்தின நாள் மழைத்தண்ணீர் முழுவதும் சம்பந்தி தலையில்.

"இது பொண்ணு வீட்டு வழக்கமா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா, எங்க பக்கம் இப்படித்தான்" என்றாரே பேபி அச்சாயன், அவருக்குப் பரலோகத்தில் நிச்சயம் இடமுண்டு.

கல்யாணத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பேபி அச்சாயன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கட்டும், அது போதும். மாப்பிள்ளை போர்த்தும் மந்திரகோடிச் சேலையை ரின்சி உடுத்திப் படியிறங்குவதை வேறு எவனோ எடுக்க, நான் மறுபடி விளக்குப் பிடிக்க முடியாது, சேச்சி.

ரின்சியின் நெற்றியில் என் முத்தம். ஜெபத்தில் என் பெயரையும் சொல்லுங்கள், கூடவே சம்பந்தியின் சளியையும்.

தங்கள் பணிவுள்ள,
ஷைனி

பி.கு.: இதைப் படித்த ரெஜிச்சாயன், "அதுக்குத்தான் கண்ணாடியோட கறுப்பு மூடி ஒண்ணு வந்துதே!" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இத்தனை நாளும் அதன்மேல் தைல டப்பாவை வைத்திருந்தாராம். முன்னால் மாட்டிவிட்டால் எந்த வெயிலிலும் படம் தெரியும். அச்சனும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் வீண். மாட்டிக்கொண்டு நம் முற்றத்தில் பறக்கவிட்டேன். படம் அவ்வளவு தெளிவு. ஆனால் எதிரில் ஒரு முகம்கூட இல்லை, வெறும் இருட்டு. ரின்சி படியிறங்கும்போது எதிரில் நீங்கள் அழுவதைப் பார்க்காமல் என்னால் எப்படி நிற்க முடியும்? மூடியைத் தைல டப்பாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோட்டை எடுத்து வெயிலில் போட்டு வையுங்கள்.