சுய நினைவோடு எழுதிக் கொடுத்தது

கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. மகள் வீடு திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் போதும், என் மனதுக்குள் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், துக்கம் விசாரிக்க வரும் உறவினர்கள், அவர்களில் யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி என்பது வரை எல்லாம் தயாராகிவிடும். திண்டிவனத்தில் இருபத்தைந்து வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வில்லங்கம் இல்லாத சொத்து உலகத்தில் கிடையாது என்பது தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். பெற்ற பிள்ளைக்கும் அதே பாடத்தைப் பொருத்திப் பார்த்தேன். அதன் பலனாக மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், விழுப்புரத்தில், ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் பெஞ்சில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் நிவேதா சமூகப் பணி படித்தவள். அவளுக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. கிடைக்கிறவரை முடி வெட்டுவதில்லை, சவரம் செய்வதில்லை, கிடைத்ததும் மயிலம் முருகனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டேன். (பரீட்சை எழுத வேண்டியவள் அவள். தாடி வளர்த்தால் மார்க் ஏறும் என்று நான் ஏன் நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.) தாடி நெஞ்சைத் தொட்ட சமயத்தில், அவள் விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் யாருமில்லாமல் கிடப்பவர்களை அழைத்து வந்து, குளிப்பாட்டி, வைத்தியம் பார்த்து, குடும்பம் இருந்தால் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துவைக்கும் வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதன்பின் நிரந்தரம்.

அந்த ஆறு மாதமும் நான் தூங்கவில்லை. யாரோ அவளை அடிப்பது போல, கடிப்பது போல, அவளுக்குப் பெயர் தெரியாத காய்ச்சல் வருவது போல எல்லாம் கற்பனை ஓடியது. என் மனைவி வசந்தா, அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், சும்மா இருங்கள் என்றாள். சும்மா இருப்பது எனக்கு வராது. வெள்ளிக்கிழமை வேலையை நிரந்தரம் செய்துவிடுவார்கள். அதற்குள் நேரில் போய் மறைந்திருந்து பார்த்து, ஆதாரம் சேகரித்து, அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். இதுதான் என் திட்டம்.

வேவு பார்க்கிறவன் கண்ணில் படக் கூடாது. அதனால் வெள்ளையடித்தபோது கட்டியிருந்த பழைய லுங்கி, காலர் கிழிந்த சட்டை, தலையில் துண்டு. வசந்தாவிடம் ஒலக்கூரில் ஒரு பார்ட்டியின் நிலத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அவள் கூப்பிட்டால் பின்னால் விழுப்புரத்துச் சத்தம் கேட்டுவிடுமே என்று போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை என் கையில் கொடுக்காமல் சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேஷம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு அந்த நிறுவனத்தின் வெள்ளை வேன் வந்தது. நிவேதா இறங்கினாள். ஒரு தூண் ஓரமாகச் சுருண்டு கிடந்த மூதாட்டியின் பக்கத்தில் போய் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் மகள், பஸ் ஸ்டாண்டுத் தரையில். கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். ஜூஸ்காரர் விரட்டினார். ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். அவள் திரும்பினாள் என்று அடுத்த தூணுக்கு ஓடினேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எழுந்திரு, தரையில உட்காராதே, எழுந்திரு என்று எனக்குள் முணுமுணுத்தபடி பத்து நிமிடத்தில் ஏழெட்டுத் தூண் மாறியிருப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை.

பார்த்தவர் மேரி அக்கா. இல்லத்தின் பொறுப்பாளர். ஐம்பது வயதைத் தொட்டவர், கனிவே உருவானவர். அன்று அந்தக் கனிவைப் போல என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறு எதுவும் இல்லை.

"பெரியவரே, பேரு இன்னாங்க?" என்றார். (எனக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு.)

பத்தடி தூரத்தில் நிவேதா. நான் வாயைத் திறந்தால் அடையாளம் தெரிந்துவிடும். காது மந்தமான கட்சிக்காரர்களுக்கெல்லாம் பத்திரம் படித்துக் காட்டிப் பழகிய குரல் என்னுடையது. அதனால் தலையை ஆட்டினேன். பேச வராதா என்று கேட்டார். வராது என்று ஆட்டினேன். எந்த ஊர் என்று கேட்டார். திண்டிவனம் இருக்கும் வடக்குத் திசையைக் காட்ட நினைத்தேன். பதற்றத்தில் கை ஆகாயத்தைக் காட்டிவிட்டது. மேரி அக்காவின் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து நிவேதா எழுந்து எங்கள் பக்கம் நடந்து வந்தாள். ஒளிய இடம் தேடினேன். வேன் கதவு திறந்திருந்தது. யாரும் என்னைப் பிடித்து ஏற்றவில்லை. இதைப் பதிவு செய்துவிடுகிறேன். நானேதான் பாய்ந்து ஏறினேன். ஏறி, சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"பாவம், எவ்ளோ நாளா காத்துக்கினு இருந்தாரோ," என்று மேரி அக்கா டிரைவரிடம் சொன்னார். "கூப்புடறதுக்குள்ள ஏறிட்டாரு."

நிவேதா அந்த மூதாட்டியை இல்லத்தில் சேர்ப்பதற்கான கடிதம் வாங்கப் போலீஸ் அவுட்போஸ்ட்டில் தங்கிவிட்டாள். வேன் கிளம்பியது. அவள் கண்ணிலிருந்து மறைந்ததும் நான் வாயைத் திறந்து, வண்டியை நிறுத்துங்கள், இறங்க வேண்டும் என்றேன். வேனுக்குள் ஒரே மகிழ்ச்சி. மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வந்துடுச்சி என்றார்.

அதன்பின் நான் சொன்ன உண்மை ஒன்றுகூட எடுபடவில்லை. எதையும் அவர்கள் மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் வாதாடியிருப்பேன். நான் பத்திர எழுத்தர் என்றேன். அப்படிங்களா, நல்லதுங்க என்றார். வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் என் போன் இருக்கிறது என்றேன். பத்திரமா இருக்கும், கவலப்படாதீங்க என்றார். வீட்டு நம்பருக்குப் போட்டுப் பேசுங்கள் என்று நம்பர் சொல்ல ஆரம்பித்தேன். (எல்லா நம்பரையும் போனில் போட்டுவைத்துவிட்டு மறந்துபோகும் தலைமுறை நானும்தான் என்று அப்போது தெரிந்தது. மூன்று முறை சொன்னேன். மூன்றும் வேறு வேறு நம்பர்.) கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"எம் பொண்ணு ஒங்ககிட்டதாம்மா வேல பாக்குறா. நிவேதா."

"ஆமாங்க அய்யா," என்றார் மேரி அக்கா, ரொம்ப மிருதுவாக. "நிவேதா நம்ம எல்லாருக்கும் பொண்ணு மாதிரிதான்."

இல்லத்தில் இறங்கியதும் முடி திருத்துபவர் காத்திருந்தார். அது முருகனுக்கு வேண்டிக்கொண்ட முடி, தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். முருகன்தாங்க அனுப்பினாரு என்று சொல்லிக்கொண்டே அவர் மிஷினை ஓட்டிவிட்டார். நடு உச்சியில் ஒரு பாதை விழுந்த பிறகு மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குனிந்துகொண்டேன். தாடியும் அதோடு போனது. பிறகு வெந்நீர்க் குளியல், துவைத்த வேட்டி, முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். இரண்டு தடவை சோறு வாங்கினேன். அதற்கு வெட்கப்படவில்லை. காலையிலிருந்து தூண் தூணாக ஓடியிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். ஏழுமலை, கோலியனூர்க்காரர், அங்கே வந்து ஒரு வருடம் ஆகிறதாம். நான் என் கதையை அவரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மொத நாளு எல்லாரும் அப்படித்தாங்க," என்றார். "நான் வந்த அன்னிக்கு லாரி ஓனர்னு சொன்னேன்."

"நெஜமாவா?"

"லாரி ஓட்டிக்கினு இருந்தேன். ஓனருன்னா மரியாத குடுப்பாங்கன்னு பார்த்தேன். அந்த நிவேதாப் பொண்ணு அப்படியே எழுதிக்கிச்சி. எத்தினி லாரின்னு கேட்டுச்சி. ரெண்டுன்னேன். அதையும் எழுதிக்கிச்சி. அப்பறம் எனக்கே கூச்சமாப் பூடுச்சி. அதுகிட்ட பொய் சொல்றது ரொம்ப பேஜாருங்க. நாம இன்னா சொன்னாலும் நம்பும்."

அந்த நிவேதாவைத்தான் நான் இருபத்து நான்கு வருடமாக வளர்க்கிறேன். நான் சொல்கிற எதையும் அவள் நம்பியதாக எனக்கு நினைவில்லை. நானும் அவளை நம்பியதாக நினைவில்லை என்பது, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

மூன்று மணி வாக்கில் அவள் வந்தாள். நான் குனிந்துகொண்டேன். செருப்புச் சத்தம் என் முன்னால் வந்து நின்றது. அவள் தரையில் உட்கார்ந்தாள், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த அதே மாதிரி. என் மொட்டைத் தலையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"அய்யா, எம் பேரு நிவேதா. இங்க ஒங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. பேசணும்னு தோணும்போது பேசுங்க, அவசரமே இல்ல. சாப்ட்டீங்களா?"

வீட்டில் இதே கேள்வியை அவள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். இந்தக் குரல் எனக்குப் புதிது. இன்னொரு தடவை கேட்க மாட்டாளா என்றிருந்தது.

"சாப்ட்டேன்மா," என்றேன்.

அவ்வளவுதான். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. என் முகவாயை நிமிர்த்திப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து மேரி அக்காவிடம் போய், நிதானமாக, "அக்கா, இவரு எங்கப்பா," என்றாள்.

மேரி அக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "சரிம்மா, சரி. ஒக்காரு. தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

வேலைப் பளுவில் பெண் உடைந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாராம். தாடி வளர்க்கும் முன் எடுத்த குடும்பப் போட்டோவைப் போனில் காட்டிய பிறகுதான் நம்பினார். நம்பியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. என் பெயரில் பதிவேட்டில் வரிசை எண் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் செயலாளர் வருவார், அதே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் நிவேதாவின் வேலையை முடிவு செய்வார். சொந்த அப்பாவையே தெருவில் விட்டவள் என்று எழுதாமல் எழுதியது போல அது அங்கே நிற்கும். காலையில் நான் விரும்பி வந்தது இதைத்தான்: அவள் வேலை போக வேண்டும். இப்போது அது நடக்கப்போகிறது என்றதும், அதைத் தடுக்க வழி தேடினேன்.

நான் தொழில் தெரிந்தவன். அந்த வரியை ரத்து என்று அடித்துச் சுருக்கொப்பம் போட்டால் போதும், சட்டப்படி செல்லும் என்று அவள் காதில் சொன்னேன்.

"வேணாம்பா. வந்தவங்க வந்தவங்கதான்," என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தாள்.

இல்லத்திலிருந்து ஒருவரை வெளியே அனுப்ப, குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் எழுதிய விடுதலைப் பத்திரங்களுக்குக் கணக்கில்லை. விடுவிக்கப்படும் சொத்தாக நானே இருந்தது அன்றுதான். பெறுபவர்: நிவேதா. உறவு: மகள். அடுத்த கேள்வி, வீட்டை விட்டு வந்த காரணம். அந்த இடத்தில் பேனா நின்றது. வேலை விஷயமாக வந்தார் என்று எழுது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "மகள் மேல் நம்பிக்கை இல்லாமை."

அடுத்தவர் எழுதிய எந்த வாசகத்திலும் நான் பிழை கண்டுபிடிப்பேன். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை.

கடைசிக் கேள்வி, மீண்டும் இப்படி நேராமலிருக்க என்ன செய்யப்படும் என்பது. அதை நிரப்பாமல் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறிய பத்திரம் அது. "என் மகளை இனி வேவு பார்க்க மாட்டேன் என்றும், இந்த வேலையை விடும்படி கேட்க மாட்டேன் என்றும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுய நினைவோடு எழுதிக் கொடுக்கிறேன்." படித்துப் பார்த்த மேரி அக்கா, சுய நினைவோடு என்பதற்குக் கீழே ஒரு கோடு போடச் சொன்னார். சாட்சிக் கையெழுத்து ஏழுமலை. எழுத்துக்கூட்டி முழுப் பெயரையும் போட்டார். போட்டுவிட்டு, "நெஜமாவே பத்திர எழுத்தருதானா நீங்க?" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

வீட்டில் வசந்தா கதவைத் திறந்தவள், முருகனுக்கு நேர்ந்த முடி எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். விழுப்புரத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள் என்றேன். மூன்று நாள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை செயலாளர் என் வரியை இரண்டு தடவை படித்தாராம். பிறகு, இவர் இப்போது வீட்டில் ஒழுங்காக இருக்கிறாரா, மாதாமாதம் விசாரிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டாராம். விசாரிப்போம் சார் என்று நிவேதா சொல்லியிருக்கிறாள். வேலை நிரந்தரமானது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். இன்றும் தெருவில் வெள்ளை வேன் வேகம் குறைந்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுகிறேன். எங்கே போனாலும் சவரம் செய்துகொண்டுதான் போகிறேன், பால் வாங்கக்கூட.

வீட்டுக்கு அனுப்பிவைத்தவர்களை ஒரு வருடம் வரை மாதம் ஒரு முறை போனில் விசாரிப்பது அவர்கள் விதி. என் ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. மேரி அக்காவும் வசந்தாவும் முடிக்கவில்லை. மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வரும். வீட்டில் விருந்தாளிகள் இருந்தால் வசந்தா ஸ்பீக்கரில் போடுவாள். அய்யா எப்படி இருக்காரு, சாப்புடுறாரா, வெளிய போயிடுறாரா என்று அந்தப் பக்கம் கேட்பார். வசந்தா சிரிக்காமல் பதில் சொல்வாள்.

"சாப்பாடெல்லாம் நல்லா சாப்புடுறாருங்க. ஆனா இன்னமும் பத்திர எழுத்தருன்னுதான் சொல்லிக்கினு இருக்காரு."

"சொல்லட்டும்மா," என்பார் மேரி அக்கா. "மறுத்துப் பேசாதீங்க."