சொல்லிவிட்டு ரத்து செய்தவன்

ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு காரியத்தைச் செய்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பது, யாங்கோனில் மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம்தான் எல்லாருக்கும் விளங்கியது. விளங்க வைத்தவன் சர்ஃபராஸ். சாதுவான பிள்ளை.

அவன் விருந்துச் சமையலுக்குக் கணக்குச் சொல்லும் மென்பொருள் ஒன்றை எழுதி, இணையத்தில் இலவசமாக வைத்திருந்தான். இத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்று தட்டினால் போதும், இவ்வளவு அரிசி, இவ்வளவு இறைச்சி, இவ்வளவு நெய் என்று சொல்லிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எடுத்துக்கொண்டவர்கள் பலர். திருத்தியவர் ஒருவரும் இல்லை.

மென்பொருள் எழுதப்பட்டது பைத்தான் என்கிற கணினி மொழியில். உலகம் அந்த மொழியின் புதிய பதிப்புகளுக்குக் குடிபோய் வெகுகாலமாகியும், சந்தில் மட்டும் பழைய 2.3 சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பிரியாணிக்காரர் இப்ராஹிமின் கம்ப்யூட்டர், பந்தல்காரர் கம்ப்யூட்டர் எல்லாம் அப்படிப்பட்ட கிழங்கள். புதியதை ஏற்றினால் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். ஆகையால் சர்ஃபராஸ் ஒவ்வொன்றையும் புதியதற்கு ஒரு தடவை, பழையதற்கு ஒரு தடவை எழுதினான். சாயந்திரங்கள் எல்லாம் பழையதன் சிசுருஷையிலேயே கழிந்தன.

இதைக் கவனித்தவர் உதுமான் ஹாஜியார். அவருடைய மகள் ஃபஹீமாவைத்தான் சர்ஃபராஸுக்குப் பேசி வைத்திருந்தது.

"தம்பி, சாயந்திரமானா எங்க இருப்பீங்க?"

"கம்ப்யூட்டர்கிட்ட, மாமா."

"அதுக்குச் சம்பளம்?"

"கிடையாது மாமா."

"அப்ப எம் மவ யார்கூடப் பேசிக்கிட்டு இருப்பா? அந்தப் பழசை விடுங்க. விட்ட அன்னைக்கே கலியாணம். விடாட்டி, தின்கன்ஜூன் பேட்டை வாத்தியார் ஒருத்தர் அவளைக் கட்டிக்க எப்ப எப்பன்னு இருக்கார்."

சர்ஃபராஸ் விட்டுவிடத் தீர்மானித்தான். ஆனால் திறந்த மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. பழையதைக் கைவிடும் முன்னால் போதிய அவகாசம் கொடுத்து அறிவிப்பார்கள். அவனும் தமிழிலும் பர்மியத்திலும் எழுதித் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டினான்:

"சகலருக்கும் பணிவுடன் அறியத்தருவது யாதெனில், வருகிற ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பழைய 2.3 ஆதரிக்கப்பட மாட்டாது. கைவசம் வைத்திருப்போர் அதற்குள் புதியதற்கு மாறிக்கொள்ள வேண்டப்படுகிறார்கள்."

அந்த ஊரில் எண்பத்தேழாம் வருஷம் ஒரு நாள் ரேடியோ தொண்டையைச் செருமியது. செருமி முடித்தபோது மக்கள் கையிலிருந்த எழுபத்தைந்து கியாட் நோட்டு வெறும் காகிதமாகியிருந்தது. மாற்றிக்கொள்ள நேரமும் இல்லை, இடமும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் 'மாற்றிக்கொள்ளலாம், நேரமிருக்கிறது' என்று எழுதி ஒட்டினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

முதலில் வந்தது சமூசாக் கடை மதீனா பீவி. தலையணை உறையில் எதையெதையோ அடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மாமி, உங்ககிட்ட கம்ப்யூட்டரே இல்லையே."

"கம்ப்யூட்டர் எதுக்கு? எங்கிட்ட அந்த 2.3 இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. இருந்தா மாத்திக் கொடு. இல்லாட்டி ஒண்ணு கொடு, அதை மாத்திக்கிறேன்."

"அது சாமான் இல்ல மாமி."

"நோட்டு போன அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க. எங்க வாப்பா கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டார். நான் அவரு மாதிரி இளிச்சவாய் இல்ல."

அவருக்குப் பின்னால் வரிசை வளர்ந்து சந்தைத் தாண்டியது. அதன் வாலில் நின்றவர்களுக்கு எதற்கு நிற்கிறோம் என்று தெரியாது. ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. சைபர் கடை யாசர் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பழைய 2.3 அடங்கிய குறுந்தட்டுகளைப் பாதி விலைக்கு வாங்க ஆரம்பித்தான். மத்தியானத்துக்குள் அவை இரட்டை விலைக்கு ஏறின. மாவ்பியிலிருந்து ஒரு வியாபாரி கோழி லாரியில் வந்து, "எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கிறேன், பதுக்கி வெச்சா பின்னால உதவும்" என்றார். நவநாகரிக இளைஞர்கள் மட்டும், "நாங்க எப்பவோ புதுசுக்கு மாறிட்டோம்" என்று சொல்லியபடியே வரிசையில் நின்றார்கள்.

ராணுவ உத்தரவுப்படி ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாத ஊர் அது. வட்டாரத் தலைவர் ஊ தௌங் லின் ஆளனுப்பி சர்ஃபராஸை வரவழைத்தார்.

"ரத்து செய்தது யார்?"

"நான்தான், சயா," என்றான், ஐயா என்பதைப் பர்மியத்தில்.

"இந்த நாட்டில் எதையும் ரத்து செய்யும் அதிகாரம் மேலே இருப்பவர்களுக்குத்தான். எனக்கே கிடையாது. இருந்தால் என் மச்சினன் இன்னும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பானா?"

"நானே எழுதினதுதான் சயா..."

"அதுகூடப் போகட்டும். அவகாசம் கொடுத்திருக்கிறாயே, ஏன்?"

"ஜனங்க சிரமப்படக் கூடாதுன்னு."

ஊ தௌங் லின் அவனை வாஞ்சையோடு பார்த்தார். "நாங்கள் என்றைக்காவது அவகாசம் கொடுத்திருக்கிறோமா? ஜனங்கள் மேல் உள்ள அக்கறைதான் காரணம். சொல்லிவிட்டுச் செய்தால் கவலைப்படுவார்கள். சொல்லாமல் செய்தால் கவலைப்பட நேரமே இருக்காது. நேரே பழகிவிடுவார்கள்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த 2.3 இருக்குமா?"

"பார்த்தாத்தான் தெரியும், சயா."

"பார்க்காதே. இருந்தால் மேலே எழுத வேண்டி வரும்."

அறிவிப்பு எதுவும் வெளியிடப்படவில்லை என்று ஓர் அறிவிப்பு ஒட்டும்படி உத்தரவாயிற்று. ஒட்டினான். கூட்டம் கலைந்தது.

பாடம் புரிந்துவிட்டது. அன்று சாயந்திரமே, "சும்மா தூசி தட்ட வந்தேன்" என்று சர்ஃபராஸ் வீடு வீடாகப் போனான். தூசியும் தட்டினான், பழைய 2.3-ஐ ஏற்காதபடி தன் மென்பொருளையும் மாற்றி வைத்தான். மறுநாள் காலையில் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் ஒரே வாசகம்: "தங்கள் பழைய 2.3 இனி ஆதரிக்கப்படாது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

சந்து அமைதியாக இருந்தது.

"போயிருச்சா?" என்றார் மதீனா பீவி. "அல்ஹம்துலில்லாஹ். இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு. சொல்லிட்டுச் செய்யப்போறேன்னியா, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

சர்ஃபராஸ் ஹாஜியார் வீட்டுக்கு ஓடினான். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, விட்டுட்டேன்."

"தெரியும். காலையில எங் கடைக் கம்ப்யூட்டர் நன்றி சொன்னதுமே பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஆளனுப்பிட்டேன். குளிச்சுட்டு வாங்க, லுஹர் தொழுகைக்குப் பின்னால நிக்காஹ்."

"இன்னைக்கா? யாருக்கும் சொல்லலையே மாமா."

"சொன்னாப் பதறுவாங்க. பார்த்தீங்கள்ல?"

யாருக்கும் சொல்லாததால் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊ தௌங் லின்னும் முன்வரிசையில் அமர்ந்து, ஐந்து பேருக்கு மேல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இலவங்க வாசனை எப்போது வரும் என்று காத்திருந்தார். வாசனை வரவில்லை. மாப்பிள்ளைத் தலைப்பாகையோடு சர்ஃபராஸ் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தான். இப்ராஹிம் கரண்டியும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

"எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசின்னு கேட்டேன். ஒத்துழைப்புக்கு நன்றிங்குது."

"கண்ணால பார்த்துப் போடுங்க, இப்ராஹிம் காக்கா."

"இத்தனை வருஷமா இது சொன்னதைத்தான் கொட்டுறேன். கண்ணையெல்லாம் அப்பவே விட்டுட்டேன்."

விஷயம் ஹாஜியார் காதுக்கு எட்டியது. பழையது திரும்பினால் கலியாணம் இல்லை என்பது அவர் வாக்கு. பழையது திரும்பாவிட்டால் சோறு இல்லை என்பது அடுப்பின் வாக்கு. அவர் முன்வரிசையைப் பார்த்தார். ஊ தௌங் லின் காலி வயிற்றைத் தடவியபடி, "எதற்கு இவ்வளவு யோசனை? செய்யட்டும். சொல்லாமல் செய்யட்டும்" என்றார்.

ஹாஜியார் உடனே தலையை உயர்த்திப் பந்தல் துணியின் நேர்த்தியை ரசிக்கத் தொடங்கினார். அவர் ரசிப்பதைப் பார்த்து ஹஜ்ரத்தும் ரசித்தார். வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையை உயர்த்தி ரசித்தார்கள். பின்கட்டில் சரிகைத் தலைப்பாகை குனிந்து எதையோ தட்டியது. கொஞ்ச நேரத்தில் நெய் மணத்தது. நிக்காஹ் சிறப்பாக நடந்தது. பிரியாணி ஒரு பிடி கூடவுமில்லை, குறையவுமில்லை. சாப்பிட்ட அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் ஃபஹீமா இரண்டு குவளைத் தேநீரோடு அறைக்குள் வந்தாள். கணவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா," என்றான் சர்ஃபராஸ். "தூசி தட்டுறேன்."