தட்டில் மிஞ்சிய சிப்

தட்டில் ஒரு சிப் மிஞ்சியிருந்தது.

சுபிதா மேசைக்கு அடியில் பார்த்தாள். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். வேறு சிப் எதுவும் இல்லை; இந்த ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. புரோத்ராபூர் மைதானத்தில் விசில் ஊதி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஓடப் புறப்பட்டவர்களில் ஒருவர்கூடக் கண்ணுக்கு எட்டவில்லை.

ஓட்டம், சைக்கிள், கயாக் படகு மூன்றும் சேர்ந்த போட்டி அது. ஒவ்வொருவர் கணுக்காலிலும் பட்டை வைத்த ஒரு சிப் கட்ட வேண்டும். வழியில் விரித்திருக்கும் ரப்பர் பாய்களைத் தாண்டும்போது 'பீப்' என்ற ஒலியுடன் அது நேரத்தைப் பதியும். கட்டிவிடுவது சுபிதாவின் பொறுப்பு. அவள் ஜங்லிகாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். போட்டி நடத்தும் மன்றத்தின் செயலர் சிவப்பிரகாசம் கேட்டுக்கொண்டதால் ஒரு நாள் உதவிக்கு வந்திருந்தாள்.

சென்னையிலிருந்து சிப்களோடு கப்பலேறி வந்த பன்னீர்செல்வம் காலையிலேயே எச்சரித்திருந்தார். "சிப் இல்லாம ஓடினா ஓடவே இல்லைன்னு அர்த்தம், மேடம். எங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாது."

யார் கால் விட்டுப்போயிற்று?

எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்து வரிசையாகக் கட்டியிருந்தாள். பாலமுருகன் மட்டும்தான் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கடைசி நொடியில் மூச்சிரைக்க வந்தான். அவன் காலைத் தொட்ட நினைவே அவளுக்கு இல்லை.

பாலமுருகன் அவள் தெருக்காரன். வீடு வீடாக ரொட்டி போடுபவன். இரண்டு வருடமாக ரொட்டிக் கூடையோடு டெலானிபூர் ஏற்றத்தில் காலை ஊன்றாமல் சைக்கிள் மிதித்துப் பழகியவன். முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்களைத் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள். அவன் வந்து நிற்கும்போது, இப்படி ஒரு ஆள் ஓடவே இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னால்?

பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை. அவரும் செயலரும் ஜீப்பில் முடிவிடத்துக்குப் போயாயிற்று. ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சாலையில் கயிறு பிடித்திருந்தவர் கை காட்டி நிறுத்தி, இந்தியும் தமிழும் கலந்து சொன்னார்.

"தீதி, காடி பந்த். ரேஸ் முடியற வரைக்கும் வண்டி விட மாட்டோம்."

"பையா, ரொம்ப அர்ஜென்ட்!"

"அர்ஜென்ட்னா ஓடுங்க. எல்லாரும் அதானே செய்யறாங்க?"

ஓடினாள். முதல் பாயைத் தாண்டும்போது கையிலிருந்த சிப் 'பீப்' என்றது. பாலமுருகன் ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியதாகப் பதிந்துவிட்டதே! வேகத்தைக் கூட்டினாள். செருப்பு அறுந்தது. உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

வயல்வரப்பில் கால் சறுக்கியதில் சிப் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. துழாவி எடுத்தவள், இனி தவறக் கூடாது என்று அதைத் தன் கணுக்காலிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்று அவள் செய்த தவறுகளில் மிக நியாயமான தவறு அதுதான்.

தண்ணீர்ப் பந்தலில் நின்றாள். "தம்பி, நான் போட்டியில இல்ல. இந்த சிப்பை வண்டியில யாராவது..."

பந்தல்காரர் அவள் காலைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்.

"இந்த எடத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, அக்கா. மனசை விடாதீங்க. சலோ, சலோ!"

மேட்டில் பளபளப்பான காலணி அணிந்த இரண்டு பெண்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். சுபிதா வெட்கத்தோடு ஒதுங்கிக் கடந்தாள்.

"மன்னிச்சுக்கிடுங்க. நான் போட்டியில இல்ல."

"இல்லாமலே இப்படி முந்துறீங்களா?" என்றாள் ஒருத்தி.

சைக்கிள் நிறுத்தத்தில் பாலமுருகன் புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கால் சுளுக்கிய ஒருவர் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுபிதா நிலைமையை விளக்கத் தொடங்கும் முன்பே அவர் தன் சைக்கிளைத் தள்ளிக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க. அதுவாவது ஊர் போய்ச் சேரட்டும்."

பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவள் அவள். ஆயினும் கால்கள் மறந்திருக்கவில்லை. மலைச்சாலை வளைவில், தலைக்கு மேலே உள்ள சாலையில் பாலமுருகன் போவது தெரிந்தது.

"ஏலே பாலா! நில்லுலே! நில்லு!"

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினான்.

"பாவிப்பய, நில்லுன்னா பறக்கானே!"

கழிமுகத்தில் கயாக்குகள் கிடந்தன. பக்கத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை. உயிர்காப்பு அங்கி மாட்டிவிட்டவரிடம் கேட்டாள்: "முதலை வந்தா?"

"வந்தா நீங்கதான் ஃபர்ஸ்ட்."

அப்பாவின் டுங்கிப் படகில் துடுப்புப் போட்டு வளர்ந்தவளுக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்த இந்தத் துடுப்பு புதிது. கயாக் நின்ற இடத்தில் மூன்று முறை சுற்றியது. பிறகு அவள் துடுப்பை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். வற்றம் தொடங்கி, நீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மிதவைகளை ஒட்டி நடுவில் எதிர்நீரோடு மல்லுக்கட்ட, அவள் மாங்குரோவ் வேர்களை உரசியபடி, நீர் தளர்ந்த ஓரமாகவே போனாள். உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்தது. அதைப் பார்க்க நேரமில்லை. முன்னால் போன இரண்டு பெண்களின் கயாக்குகளைத் தாண்டியதையும் அவள் கவனிக்கவில்லை. மனத்தில் ஒரே கணக்கு: இன்னும் எத்தனை நிமிடம் அந்தப் பையனுக்கு வீணாகிறது?

படகுத்துறையில் ஏறி, கடைசிப் பாயின் மேல் விழுந்தாள்.

பீப்.

கைதட்டினார்கள். பாலமுருகன் வாழைப்பழமும் கையுமாக ஓடி வந்தான். "அக்கா! நான் செகண்டு! மெயின்லேண்டு போறேன்! கீழ ரோட்டுல இருந்து நீங்க கத்தலேன்னா அந்த ஏத்தத்துலயே இறங்கியிருப்பேன்."

"உன் சிப்பு... எங்கிட்ட... மன்னிச்சிரு மக்கா..."

"எந்த சிப்பு?" அவன் காலைத் தூக்கிக் காட்டினான். கணுக்காலில் பட்டை பத்திரமாக இருந்தது. "கெளம்பும்போது பன்னீர்செல்வம் சாரே கட்டிவிட்டாரே!"

சுபிதா தன் காலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற செயலர் சிவப்பிரகாசத்தைப் பார்த்தாள்.

"அப்போ இது யாருது, சார்?"

சிவப்பிரகாசம் தண்ணீரைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பெண்கள் பிரிவுக்குக் குறைஞ்சது அஞ்சு பேர் இருக்கணும்னு விதிம்மா. நாலு பேர்தான் சேர்ந்தாங்க. நடத்தாம விட முடியுமா? அதான்... பேப்பர்ல மட்டும் அஞ்சாவதா ஒரு பேரு..."

அவர் முடிக்கும் முன் பன்னீர்செல்வம் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி உரக்கக் கூப்பிட்டார்.

"பெண்கள் பிரிவு முடிவு வந்தாச்சு, சார்! சுபிதா ஜெபராஜ்னு ஒருத்தங்க ஃபர்ஸ்ட், யாரு அவங்க, காலையிலேருந்து நான் பார்க்கவே இல்லையே?"