நாய்க்குடை தந்த வீரம்

அன்று சிங்கமாகிவிடுவது என்று முடிவு செய்தேன். மாமியார் எங்களோடு நிரந்தரமாகத் தங்க வருகிறாராம். அதுவும் என் அறையில்! "கூடாது" என்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் வீட்டுக்குள் உபயோகித்ததே இல்லை.

வழி, பின்பக்கத் தோட்டத்தில் முளைத்திருந்தது. மழை விட்டதும் மரத்தடியில் ஒரு நாய்க்குடை. சிவப்புத் தொப்பி, மேலே வெள்ளைப் புள்ளிகள். நானோ மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். விஷத்தைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா?

"தொட்டுடாதே! ஈ மொய்ச்சாக்கூட மயங்கி விழும்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "மனுஷங்க தின்னா?"

"வாந்தி, வியர்வை. அப்புறம் புத்தி பேதலிச்சுடும். பெருசு சின்னதாத் தெரியும். வாய்க்கு வந்ததை உளறுவாங்க. தூங்கி எழுந்தா ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே!"

சாயங்காலம் அதைப் பிடுங்கி என் ஷூவுக்குள் ஒளித்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஹாலுக்குள் தள்ளாடி வந்தேன்.

"நாய்க்குடையைத் தின்னுட்டேன்டி! அடேயப்பா, நீ ஏன் இவ்வளவு குட்டியா இருக்கே?"

"ஐயையோ, என்னங்க இது!"

"உங்கம்மா இங்க வரக்கூடாது! அந்த அறை என்னுது! நீ போடற காபி கழனித்தண்ணி!"

நாய்க்குடை அல்லவா? நன்றாகவே குரைத்தேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் உதறல்தான். அவளோ தலையணையைத் தட்டிப் போட்டு, "பாவம், படுங்க" என்றாள். இவ்வளவு நல்லவளையா திட்டினோம் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

காலையில் கண்ணைக் கசக்கினேன். "நேத்து என்ன ஆச்சு? எதுவுமே ஞாபகம் இல்லையே!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

"அடடா! எங்கம்மாவுக்கு நீங்களே போன் போட்டு, 'அத்தை, நாளைக்கே வந்துடுங்க, என் அறை உங்களுக்குத்தான்'னு ஒரே அழுகை. அம்மா உருகிப்போயிட்டாங்க. ரயிலே ஏறிட்டாங்க."

"பொய்! நான் வரக்கூடாதுன்னுதானே..."

"தானே?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறது என்றால் கழனித்தண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அழுதேனா? அழுதிருப்பேன்" என்றேன்.

"சரி, ஷூவை மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க. உள்ள இருந்த நாய்க்குடையை நேத்து நீங்க உளற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துப் போட்டுட்டேன்."