இரண்டேகால் அங்குலக் கண்ணுக்கு ஒரு பைனாகுலர்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவையும் ஒரு தையல் மிஷினையும் பதினாறு வருடமாகச் சமாளித்துக்கொண்டிருக்கும் உன் அத்தான் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். அப்படி இல்லையென்றாலும் முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் உடம்பைக் கவனி. எனக்குச் சனிக்கிழமை வரைதான் அவகாசம்.

நீ லேபில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்க்கிறவன். கிட்டத்தில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி தெரிந்தவனுக்கு எட்டத்தில் இருப்பதைக் காட்டும் கண்ணாடியும் தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். என் மகளின், அதாவது உன் மருமகளின், அறிவியல் டீச்சர் ஏரியில் பறவை எண்ணுவதற்கு ஆறு பிள்ளைகளைப் பொறுக்கியிருக்கிறார். அதில் நம்மவளும் ஒருத்தி! வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, இதுவரை ஒரு விளையாட்டுக்குக்கூட யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை. பள்ளியிலிருந்து வந்த தாள் என் கத்தரி மேசையில் கிடந்தது. ‘பைனாகுலர் அவசியம் கொண்டு வரவும்’ என்று போட்டிருந்தது. மற்ற ஐந்து பேரும் கண்ணில் வைத்துப் பார்க்க, இவள் மட்டும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பாளோ என்று நினைத்ததும் கத்தரியைக் கீழே போட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் அளவு வேண்டாமா? அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டேப்பை எடுத்து மூக்குக்கு மேலே பிடித்தேன்.

“என்னப்பா பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல, நீ சாப்பிடு. கண்ண மட்டும் சிமிட்டாத.”

“உங்கப்பாவுக்கு இனிமே மூஞ்சிக்கும் சட்டை தைக்கணும் போல இருக்கு” என்றாள் உன் அக்கா.

கண்ணுக்குக் கண் இரண்டேகால் அங்குலம். கடைக்காரர் எடுத்துப் போட்டதில் விலை தோதானவை இரண்டு. ஒன்றை மடக்கி இரண்டு குழாயையும் நெருக்கினால் சரியாக இரண்டேகாலுக்கு வந்தது. இன்னொன்று எவ்வளவு நெருக்கினாலும் இரண்டரைக்கு மேல்தான் நின்றது. நான் எதை வாங்கினேன் என்று நினைக்கிறாய்? வளர்கிற பிள்ளைக்கு அளவாகத் தைத்தால் ஆறே மாதத்தில் பிடித்துக்கொள்ளும் என்பது என் கை கண்ட தொழில். பெரியதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பார்த்ததும் “நிஜமாவாப்பா? நிஜமாவா?” என்று துள்ளிக் குதித்தாள். மொட்டை மாடிக்குப் போய், முதலில் நான் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிர்க் கட்டடச் சுவரில் கயிற்றில் தொங்கியபடி பீடி குடித்துக்கொண்டிருந்த பெயிண்டர், மேஸ்திரி அனுப்பிய ஆள் நான் என்று நினைத்து, அடித்த இடத்திலேயே மறுபடியும் மளமளவென்று அடிக்க ஆரம்பித்தார். அடுத்து உன் மருமகள் வாங்கிப் பார்த்தாள். “சூப்பரா இருக்குப்பா” என்றாள். உன் அக்காதான் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், “ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறா. ஒத்தக் கண்ணுக்கு எதுக்கு ரெண்டு குழாய்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு என் தூக்கம் போயிற்று. திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் லூசாக இருப்பதைப் பிடித்துவிடலாமே என்று என் தொழில்புத்தி குறுக்கே பாய்ந்தது. கோட்டுக் காலருக்கு வைக்கும் கம்பளித்துணியை வெட்டிக் கண் வைக்கும் இடத்தில் சுற்றி ஒட்டினேன். அதோடு அவளுக்கு ஒற்றைக் கண்ணும் தெரியவில்லை. பிய்த்தெடுத்தேன், பிசின் வரவில்லை. கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது என்ன, ஸ்வெட்டர் போட்டிருக்கா?” என்றார். திருப்பி எடுக்க மாட்டாராம்.

ஆகவே மச்சான், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுவது வேண்டாம், சின்னக் கையில் ஆடும் என்று கடைக்காரரே சொன்னார். எடை குறைவாக, நெருக்கினால் இரண்டேகாலுக்கு வருவதாக, விலை நம் போன்றவர்களை மிரட்டாததாக ஒன்று பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் கூரியரில் போட்டுவிடு. வளர்வதற்கு இடம் விடாதே. இந்த விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டாம்.

உன் அம்மா அப்பாவுக்கு என் வணக்கம். உன் வீட்டுக்காரிக்கு அன்பும், வாண்டுக்கு முத்தமும், உனக்கு லேபில் கிருமி ஒட்டாத ஆரோக்கியமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அளவெடுத்தே அவமானப்பட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: எதையும் வாங்காதே! என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்று, உறையில் முகவரி எழுத அவளிடமே கொடுத்தேன். உறையை ஒட்ட மறந்துவிட்டேன். முழுவதையும் படித்துவிட்டு வந்து நின்றாள். “பசங்களுக்கு ஸ்கூல்லயே குடுக்குறாங்கப்பா. கூட வர்ற அப்பா அம்மாதான் சொந்தமா கொண்டுட்டு வரணும்.” அதுவும் அந்தத் தாளில்தான் இருந்ததாம், மேல்பாதியில். அதில் ஒருவருடைய பேன்ட் அளவைக் குறித்துக் கிழித்துக் கொடுத்தவன் நானேதான். “என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன். “சனிக்கிழமை நீங்க கடைய மூட மாட்டீங்களே, அதான் கேக்கல. ஆனா நீங்களே வாங்கிட்டு வந்ததும், ஏரிக்குக் கூட வரப்போறீங்கன்னு நெனச்சிட்டேன்” என்றாள். கடைக் கதவில் ‘சனிக்கிழமை விடுமுறை’ என்று அட்டை தொங்குகிறது. இப்போது ஒரே பயம்தான். காக்காயைத் தவிர எனக்கு ஒரு பறவையும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் நாலு பெயராவது எழுதி அனுப்பு.