மூன்றாம் லயத்துக்குச் செரிக்காத நார் வந்த வரலாறு

மலைத் தொழிலாளரின் வயிறு நிரம்பியதா என்று கவலைப்பட்ட அதிகாரிகள் முன்பும் இருந்திருக்கிறார்கள். அந்த வயிற்றுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பசியாறினவா என்று முதன்முதலாகக் கவலைப்பட்ட பெருமை நம் காலத்து அதிகாரிகளையே சாரும்.

அந்தப் பெருமையில் ஒரு பங்கு, ஏலப்பாறைக்கு மேலே ஜீப் மட்டுமே ஏறக்கூடிய ஒரு தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் லயத்துக்கும் கிடைத்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடும்பங்கள் வாழும் அந்த லயத்தில், கொழுந்து பறிக்கும் சுருளியம்மாளுக்கு அப்போது வேறொரு கவலை. லயத்துப் பெண்களின் கக்கூஸுக்குக் கதவு இல்லை. சென்ற மழைக்காலத்துக் காற்று அதைப் பெயர்த்துக்கொண்டு போய் ஓடையில் சேர்த்துவிட்டது. அதற்குப் பதிலாக ஓர் உரச்சாக்கு தொங்கியது. சாக்கு, காற்று அடிக்காத வரையில் தன் கடமையைச் செய்தது. மலையிலோ காற்று அடிக்காத நேரம் குறைவு.

போடியில் வாழ்க்கைப்பட்ட மகள் செல்வப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அதற்குள் ஒரு கதவு வேண்டும். சுருளியம்மாள் கேட்காத இடமில்லை. கதவு சுகாதாரம் தொடர்பானது என்றது எஸ்டேட் ஆபீஸ். அது தச்சு வேலை என்றது சுகாதார அலுவலகம். நிலம் தனியாருடையது என்றது பஞ்சாயத்து. மூன்று பதில்களும் முத்திரையோடு வந்தமையால், மூன்றும் உண்மை என்றே கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் அரசின் குடல்நலத் திட்ட ஒருங்கிணைப்பாளர் அன்சார் வந்து சேர்ந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பணிவானவர்; இஸ்திரி கலையாதவர். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, பெண்களிடம் கணக்கெடுத்தார். பெரும்பாலோருக்கு மலச்சிக்கல் என்று தெரிய வந்தது.

"சார், கதவில்லாததால பகல் பூரா தண்ணி குடிக்கிறதில்ல. அதான் காரணம்" என்றாள் சுருளியம்மாள்.

"காரணத்துக்கு நாலு கட்டம் இருக்குதுங்க. நார்க்குறைவு, நார்ப்பற்றாக்குறை, நாரின்மை, பிற. இதுல எதுங்க?"

"பிற."

"பிற போட்டா மேல இருந்து விளக்கம் கேப்பாங்க. நார்க்குறைவுன்னே போட்டுக்கறனுங்க."

கப்பக்கிழங்கும் பயறும் வாழைத்தண்டும் தின்று வளர்ந்த மூன்றாம் லயம், இவ்விதமாக நார்க்குறைவுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த வாரம் பவுடர் வந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டு வேரிலிருந்து எடுத்த ப்ரீபயாடிக் நார். பளபளக்கும் பொட்டலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் வயிற்றைத் தானே பாராட்டிக்கொண்டிருந்தாள். அன்சார் விளக்கினார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

"இந்த நாரு நமக்குச் செரிக்காதுங்க. ஆனா பெருங்குடல்ல இருக்கற நல்ல கிருமிங்களுக்கு இதுதான் சாப்பாடு. அதுங்க நல்லாயிருந்தா நாம நல்லாயிருப்போமுங்க."

அதே லயத்து ராமலட்சுமி முன்வரிசையிலிருந்து கை தூக்கினாள். "போன மாசம் வயித்துல இருக்குறதக் கொல்லணும்னு மாத்திரை குடுத்தாக. இந்த மாசம் அதுக்குச் சோறு போடணுங்குறீக. அது எங்க வயித்துல இருக்கணுமா, வேணாமா? முடிவாச் சொல்லுங்க சார்."

"அது கெட்ட பூச்சிங்க. இது நல்ல கிருமிங்க."

"மாத்திரைக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்குமா சார்?"

அன்சார் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு, முக்கியமான விதிக்கு வந்தார். பவுடரோடு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லையென்றால் சிக்கல் கூடிவிடும்.

"தண்ணி குடிச்சிட்டு எங்க சார் போறது?" என்றாள் சுருளியம்மாள்.

அன்சார் வருத்தத்தோடு கைகளை விரித்தார். "அது குடலுக்கு அப்புறம் வர்ற விசயமுங்க. எங்க திட்டம் குடலோட முடிஞ்சு போகுதுங்க."

பெண்கள் பவுடரைத் தண்ணீர் குறைத்துத் தின்றார்கள். வயிறுகள் மத்தளமாயின. செய்தி மேலே போயிற்று. அளவு போதவில்லை போலும் என்ற முடிவு கீழே வந்தது. அளவு இரட்டிப்பாயிற்று. கூடவே, காலைப் பெரட்டில் ஆளோடு குடலின் வருகையையும் பதிய வேண்டும் என்று உத்தரவு. சூப்பர்வைசர் பாண்டி அதைக் கடமை உணர்வோடு நிறைவேற்றினார்.

"ராமலட்சுமி!"

"இருக்கேன்."

"வயிறு?"

"அதுவும் வந்திருக்கு."

"ஏதாச்சும் முன்னேற்றம்?"

"உங்க மச்சான் வேலைக்குப் போற மாதிரிதான் அண்ணே. கெளம்புறேன் கெளம்புறேன்னு சொல்லுது, கெளம்ப மாட்டேங்குது."

களம் சிரித்தது. பாண்டி சிரிக்காமல், 'முயற்சியில் உள்ளது' என்று பதிந்தார்.

மார்ச் மாதம் நெருங்கியது. செல்வப்பிரியாவுக்கு வளைகாப்பு முடிந்தது. அன்சார் மறுபடி வந்தபோது அவருடைய இஸ்திரி கலைந்திருந்தது. முன்னேற்றம் காட்டவேண்டும், நார் வாங்க ஒதுக்கிய தொகையையும் நிதியாண்டுக்குள் செலவழிக்கவேண்டும். இனியும் பவுடர் கொடுத்தால் பெண்கள் தன்னையே கரைத்துக் குடித்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார்.

சுருளியம்மாள் அவருக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்து உட்காரவைத்தாள். "சார், நாருன்னா என்னன்னு உங்க உத்தரவுல போட்டிருக்குல்ல? அத ஒருதரம் வாசிங்க."

அன்சார் கைப்பேசியில் தேடி வாசித்தார். "தாவரத்திலிருந்து பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். மனித உடலால் செரிக்கப்படாததாக இருத்தல் வேண்டும். பயனாளியின் குடல்நலத்தை மேம்படுத்துவதாக இருத்தல் வேண்டும்."

"பலாமரம் தாவரந்தானே சார்?"

"ஆமாங்க."

"பலாப் பலகைய மனுசன் தின்னாச் செரிக்குமா?"

"அதெப்படிங்க செரிக்கும்?"

"அந்தப் பலகையில ஒரு கதவு செஞ்சு மாட்டினா, நாங்க தண்ணி குடிப்போம். குடல் நல்லாகும். மூணும் சரியா வருதா?"

கட்டஞ்சாயா ஆறியது. அன்சார் உத்தரவை மேலும் கீழும் படித்தார். "அம்மா, தின்னோணும்னு இதுல எங்கயுமே போடலீங்க!" என்றார்.

'புறப் பயன்பாட்டுத் தாவர நார், ஒன்று, தாழ்ப்பாளுடன்' என்று முன்மொழிவு போயிற்று. மேலிடம் ஒரே ஓர் ஐயத்தை எழுப்பியது: இந்நாரை ஒரு நபர் நாளொன்றுக்கு எத்தனை முறை எடுத்துக்கொள்ள வேண்டும்? 'காலையில் ஒரு முறை. தேவைப்பட்டால் மீண்டும்' என்று அன்சார் பதில் எழுதினார். ஒப்புதல் கிடைத்தது.

கதவு வந்தது. ரிப்பன் கட்டி, வெட்டி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படம் எடுத்தார்கள். பெண்கள் தண்ணீர் குடித்தார்கள். குடித்த தண்ணீரும், பிறந்த நாள் முதலாய்த் தின்று வந்த கப்பையும் பயறும் தமக்குள் பேசி வேலையை முடித்துக்கொண்டன. பெரட்டில் பாண்டி கூப்பிட்ட வயிறுகளெல்லாம் நிம்மதியாகப் பதில் சொல்லின. செரிக்காத நார்களில் பலாநாரே தலைசிறந்தது என்று அறிக்கை வெளியாயிற்று. அன்சாருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. போடியிலிருந்து வந்த செல்வப்பிரியா, தாழ்ப்பாளைப் போட்டும் திறந்தும் பார்த்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

அரசு கொடுத்த பொருளைப் பராமரிக்க ஒரு குழு வேண்டும் என்பது விதி. அதனால் 'நார் பயனாளர் குழு' அமைந்தது. அமைப்பாளர் சுருளியம்மாள். கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி அவள் இடுப்புக்கு வந்தது.

ஒரு காலை, இரண்டாம் லயத்து ராமுத்தாய் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள். அவர்கள் லயத்துக் கதவும் அதே காற்றில் போனதுதான்.

"எக்கா, சாவியக் குடு! சீக்கிரம்!"

"நில்லு. நீ ரெண்டாம் லயமில்ல?"

"அதுக்கென்ன இப்ப?"

"இது மூணாம் லயத்துக்கு ஒதுக்குன நாரு. உங்க லயத்துக்குப் பவுடர்லதான் ஒதுக்கியிருக்கு."

"எக்கா, அவசரம்க்கா!"

"அவசரம்னா அதுக்குத் தனியா மனு இருக்கு. ஞாயித்துக்கெழம குழு கூடும். வச்சுப் பேசுறோம்."

வரிசையில் நின்ற ராமலட்சுமி தலையசைத்தாள். "வர்றவுகளுக்கெல்லாம் தொறந்து விட்டா நாரு தேஞ்சு போகும்ல."

ராமுத்தாய் அதற்குமேல் நிற்க முடியாமல் தேயிலைச் செடிகளை நோக்கி ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்: "எங்க லயத்துக்கும் ஒரு கதவு வரட்டும்டி! அன்னைக்கு உங்காளு ஒருத்தி வந்து நிக்கட்டும். மனுவ மூணு நகல்ல கேக்குறேன்!"

சுருளியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டாம் லயத்தில் குழு அமையும் நாளில் அமைப்பாளர் பொறுப்புக்கு இவளைவிடத் தகுதியானவள் கிடைக்கமாட்டாள் என்று, ஒரு பொறுப்பில் இருப்பவருக்கே உரிய பெருந்தன்மையோடு, அவள் மனத்துக்குள் பரிந்துரை செய்துகொண்டாள்.