முக்காலிப் பாட்டும் பழைய ஹார்டு டிஸ்க்கும்

ஸ்ரீ:
தூத்துக்குடி,
புதன்கிழமை

தென்திருப்பேரை ஸ்ரீமதி வகுளவல்லி சம்பந்தி மாமிக்கு, அம்புஜவல்லி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் ஊர்ப் பெருமாள் குழைக்காதர் கிருபையால் இங்கே நானும் என் ஆத்துக்காரரும் சௌக்கியம். அங்கே மாமாவின் முழங்கால், மாப்பிள்ளை, என் பெண் ஸ்ரீப்ரியா, பேரன் ராம் எல்லோரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நான் போன் பண்ணினால் நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே தபால். கடுதாசியைக் கட் பண்ண முடியாது பாருங்கள்.

ராமின் பூணூல் பத்திரிகை வந்தது. ரொம்ப அழகாக அடித்திருக்கிறீர்கள். கூடவே ஸ்ரீப்ரியா தயங்கித் தயங்கிச் சொன்ன சேதியும் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாண நலங்கில், சம்பந்தியைக் கேலி பண்ணுகிற பாட்டில், "எட்டிப் பார்க்க முக்காலி வேணும் எங்க சம்பந்தி மாமிக்கு" என்று நான் பாடினேனாம். உங்கள் உயரத்தைச் சபையில் ஏலம் போட்டேனாம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டால்தான் பூணூல் மேடையில் எனக்கு இடமாம். மாமி, நான் பாடவில்லை. மன்னிப்பும் கேட்கமாட்டேன், பேரன் பூணூலுக்கு வராமலும் இருக்கமாட்டேன். சாட்சியோடு வருவேன் என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

சாட்சி, கல்யாண வீடியோ. டிவிடியாகத் தந்ததை இவர், அதாவது என் ஆத்துக்காரர் சுதர்சனம், வடாம் காய்கிறபோது காக்காய் விரட்ட மொட்டைமாடிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு, அது வெயிலில் வெளுத்துப்போயிற்று. மிச்சம் இருந்தது பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த காப்பி. அந்தக் கம்ப்யூட்டரோ உப்புக் காற்றில் துருவேறி உயிரை விட்டு, அரிசி டின்னுக்கு மணையாக இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் பிள்ளை பிரத்யும்னனைக் கேட்டேன். "பெட்டிதாம்மா போயிடுத்து. உள்ளே இருக்கற ஹார்டு டிஸ்க் நன்னாத்தான் இருக்கும். ஆனா உனக்கு எதுக்கு இந்த வேலை, தூக்கிப் போடு" என்றான். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். அவன் விட்டுப்போன லேப்டாப் ஒன்று அலமாரியில் இருந்தது. அந்த டிஸ்க்கை இந்த லேப்டாப்போடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதானே, நம் குழந்தைகளைச் சேர்த்துவைத்ததைவிடவா கஷ்டம் என்று நினைத்தேன்.

அரிசி டின்னை இறக்கி, பெட்டியைப் பிரித்து, செங்கல் மாதிரி கனத்த டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கம் தாணுலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் ஒரு வயரைக் கொடுத்து, "இத சொருகுங்க டீச்சர், அந்தால படம் ஓடும்" என்றார். வீட்டுக்கு வந்து சொருகினால் படமும் ஓடவில்லை, டிஸ்க்கும் அசையவில்லை. திரும்பப் போனால், "அது சின்ன டிஸ்க்குக்குல்லா. ஒங்களுது பெருசு. மொதல்லயே சொல்லிருக்கப்படாதா" என்கிறார். சொல்வானேன், டிஸ்க்கையே அவர் மேஜையில்தான் வைத்திருந்தேன். அப்போதுதான் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருக்கிறது. லேப்டாப்பின் ஓட்டையில் வருவது ஐந்துதான். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த நான் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். தனியாகக் கரண்ட் கொடுக்கிற துளை வைத்த வயராக மாற்றிக் கேட்டேன். வயர் இருக்கிறது, அடாப்டர் தீர்ந்துபோயிற்று. "திங்கக்கெழமதான் வரும்" என்றார். பூணூல் ஞாயிற்றுக்கிழமை.

விட்டேனா. வயரை மட்டும் வாங்கி வந்து, வீட்டில் உள்ள சாமான் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிவயிற்றைப் படித்தேன். மிக்ஸி ஆகாது, டார்ச் ஆகாது, இவருடைய பிரஷர் பார்க்கிற மிஷின் ஆகாது. கடைசியில் இன்டர்நெட் மோடத்தின் அடாப்டரில் பன்னிரண்டு வோல்ட் என்று இருந்தது. பிடுங்கினேன். கூடத்தில் இவர் டிவியில் அந்த இன்டர்நெட்டில்தான் கஜேந்திர மோட்சம் உபன்யாசம் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாக முதலை காலைக் கவ்வின இடத்தில் படம் நின்றுவிட்டது. "யானையை முதலை வாயில விட்டுட்டுப் போறியேடி" என்றார். "பெருமாள் வந்துடுவார், நமக்குக் கதை தெரியும்" என்றேன்.

டிஸ்க் கிர்ரென்று சுற்றியது. எனக்குக் கண்ணில் ஜலமே வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் லேப்டாப் திரையில் ஒரு கட்டம் வந்து, டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்டது. இவருக்கு மோடத்தைத் திரும்ப வாங்குகிற அவசரம். "ஏதோ மரியாதையாக் கேக்கறது, சரின்னு சொல்லிடறேன்" என்று விரலை நீட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையைத் தட்டிவிட்டேன். பிரத்யும்னனைக் கூப்பிட்டுக் கேட்டேன். போனில் அலறினான்: "தொடாதேம்மா, எல்லாம் அழிஞ்சுபோயிடும். முனையில அழுக்கு இருக்கா பாரு." பார்த்தால் முனை முழுக்க உப்புக் காற்றின் பச்சைக் களிம்பு. ராம் லீவுக்கு வந்தபோது விட்டுப்போன யானை பொம்மை போட்ட அழிரப்பரால் மெல்லத் தேய்த்தேன். பேரன் புண்ணியத்தில் டிஸ்க் திறந்துகொண்டது.

உள்ளே எந்த வீடியோவுக்கும் பெயர் இல்லை, வெறும் நம்பர். முதலில் பந்தி வந்தது. உங்கள் சித்தப்பா அக்காரவடிசலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறதை எல்லாம் பொறுமையாகப் பார்த்தேன். அப்புறம் நலங்கு. அப்பளம் உடைக்கிறார்கள், தேங்காய் உருட்டுகிறார்கள், நான் பாட ஆரம்பிக்கிறேன். முதல் சரணம் முழுக்கக் கேட்டேன். உங்கள் வீட்டுக் காபியைப் பற்றி வருகிறது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். முக்காலி இல்லை. அந்த இடத்தில் கரண்ட் போயிற்று. லேப்டாப்புக்கு பாட்டரி உண்டு, டிஸ்க்குக்கு ஏது. பரவாயில்லை, நான் பார்த்தவரை போதும், நான் நிரபராதி.

ஆகவே ஞாயிறு காலை லேப்டாப், டிஸ்க், வயர், அடாப்டர் சகிதம் வந்து சேருகிறேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் தயாராக இருக்கட்டும். சபையில் போட்டுக் காட்டுவேன். அதற்குப் பிறகு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம், எனக்கு இடம் கொடுத்தால் போதும். மாமி, ராம் பிறந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு உங்களுக்கு முக்காலி ஞாபகம் வரவில்லை. அவன் பிரம்மோபதேசத்தை நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்றால் எனக்குத் தாங்காது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாமாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் ஸ்ரீப்ரியாவுக்கும் ஆசீர்வாதம். ராம் தீர்க்காயுசாக இருந்து, ஸந்தியாவந்தனம் விடாமல் பண்ணி, ரப்பரை அங்கங்கே விட்டுப்போகும் நல்ல குணத்தோடு வளரட்டும்.

இப்படிக்கு,
அம்புஜவல்லி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கரண்ட் வந்துவிட்டது. மீதியையும் பார்த்துவிடலாம் என்று இவர் போட்டார். இரண்டாவது சரணம். நான் பாடிக்கொண்டே வந்து, நடுவில் வரி மறந்து திருதிருவென்று முழிக்கிறேன். என் பக்கத்தில் மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி என் தோளைத் தட்டி, காதில் எதையோ சொல்கிறார். உடனே நான் முக்காலி வரியைப் பாடுகிறேன். அந்த மாமி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் ஜலம் வரச் சிரிக்கிறார். இவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அது நீங்கள்தான். ஊருக்குப் போன பிறகு யார் என்ன சொல்லிக் கிளப்பிவிட்டார்களோ. மேலே நான் பாடவில்லை என்று எழுதின இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும், திரும்ப எழுதத் தாள் இல்லை. அடாப்டரை மோடத்துக்கே கொடுத்துவிட்டேன், யானையும் கரையேறியாயிற்று. பிளக் பாயிண்ட் வேண்டாம். மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். பூணூலுக்கும் பாடச் சொல்வார்கள், எனக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.